‘ஆக்டிவேட் விண்டோஸ்’: பணம் கொடுக்கும் முன் பில்லைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கணினித் திரையின் வலது கீழ் மூலையில் மங்கிய சாம்பல் நிறத்தில் இரண்டு வரி. மேலே ‘ஆக்டிவேட் விண்டோஸ்’, கீழே ‘செட்டிங்ஸுக்குப் போய் ஆக்டிவேட் செய்யவும்’ என்று ஆங்கிலத்தில். இந்தக் கணினியின் விண்டோஸுக்கு உரிமம் உறுதியாகவில்லை என்பதே அதன் பொருள். படம் பார்த்தாலும் பாடம் படித்தாலும் எல்லாவற்றுக்கும் மேலே அது நிற்கும். குமரி மாவட்டத்தில் பிள்ளைகள் படிக்கும் வீடுகள் பலவற்றில் இந்த எழுத்து இருக்கிறது. அதைப் போக்க 300 ரூபாயில் தொடங்கிச் சில ஆயிரம் வரை செலவாகிறது. சில மாதத்தில் எழுத்து திரும்பி வர, மறுபடியும் செலவு. இதில் வருந்தத்தக்கது என்னவென்றால், இந்த வீடுகளில் பலவற்றில் மடிக்கணினி வாங்கிய அன்றே விண்டோஸுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருக்கிறார்கள். கட்டிய பணத்தை மறுபடியும் கட்டாமலிருக்க என்ன பார்க்க வேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியே சொல்ல விரும்புகிறோம்.

முதலில் பயம் தெளிய வேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இந்த எழுத்து வந்ததால் கோப்புகள் அழியாது, கணினி பூட்டிக்கொள்ளாது, பாதுகாப்பு அப்டேட்களும் நிற்காது. பின்னணிப் படம், நிறம் போன்றவற்றை மாற்றும் பகுதி மட்டும் அடைபட்டுவிடும். விண்டோஸ் 7 காலத்தில் திரை கறுத்து, ‘இந்தப் பிரதி ஜெனுயின் அல்ல’ என்று வந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள்தான் இன்றும் அதிகம் பதறுகிறார்கள். அவசரப்பட்டு அன்றைக்கே யாரிடமும் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஒரு வாரம் பொறுத்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

அடுத்து, வாங்கிய பில்லை எடுங்கள். மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் ‘வின் 11 ஹோம்’ என்றோ ‘டபிள்யூ11 எச்எஸ்எல்’ என்றோ இருந்தால் உரிமம் கணினியோடு வந்திருக்கிறது. எச்எஸ்எல் என்பது ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்பதன் சுருக்கம். இந்தியாவில் விற்கும் வீட்டு உபயோக மடிக்கணினிகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். ‘டாஸ்’, ‘ஃப்ரீடாஸ்’, ‘உபுண்டு’ என்று எழுதியிருந்தால் விண்டோஸ் உரிமம் இல்லாமல், அதனால்தான் விலை குறைத்துக் கொடுத்தார்கள் என்று பொருள். பில் தொலைந்து போயிருந்தால் மடிக்கணினியைத் திருப்பிப் பாருங்கள். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து உரிமத்தை உறுதிசெய்யும் 25 எழுத்துச் சாவியைத் தாளில் அச்சடித்து ஒட்டும் வழக்கம் போய்விட்டது. சாவி மதர்போர்டின் உள்ளேயே பதிந்து வருகிறது, வெளியே சாவி எண் இல்லாத சிறு விண்டோஸ் முத்திரை மட்டும் ஒட்டியிருக்கும். அந்த முத்திரை இருந்தால் உள்ளே சாவி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

‘உள்ளே சாவி இருக்கிறதே, பிறகு ஏன் எழுத்து வருகிறது?’ பிரச்சினையின் வேர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. மதர்போர்டில் பதிந்திருப்பது ‘ஹோம்’ பதிப்பின் சாவி. கணினி மெதுவாகிவிட்டது, வைரஸ் புகுந்துவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோனால், அங்கே எல்லாக் கணினிக்கும் ஒரே பென்டிரைவ்தான். அதில் இருப்பது பெரும்பாலும் ‘புரோ’ பதிப்பு. ஹோம் சாவி புரோ பூட்டைத் திறக்காது. அதனால் எழுத்து வருகிறது. அதை மறைக்க, உரிமம் இருப்பதுபோல் காட்டும் ஒரு கிராக் மென்பொருள் ஓட்டப்படுகிறது, அல்லது ‘ஒரிஜினல் கீ’ என்று ஒன்று விற்கப்படுகிறது. உரிமம் உள்ள கணினி இப்படித்தான் உரிமமில்லாத கணினியாகிறது. வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் மடிக்கணினிகளும் இதில் அதிகம் அடிபடுகின்றன. விசைப்பலகையில் அரபி எழுத்து இருக்கிறதே என்று ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். செட்டிங்ஸில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ பகுதியில் மொழியை மாற்ற 2 நிமிடம் போதும். அங்கே வாங்கிய கணினியின் மதர்போர்டில் உள்ள சாவி இங்கேயும் செல்லும்.

உங்கள் கணினியில் என்ன போட்டிருக்கிறார்கள் என்பதை நீங்களே பார்க்கலாம். விண்டோஸ் விசையை அழுத்தியபடி ‘ஆர்’ விசையைத் தட்டுங்கள். சிறு பெட்டி ஒன்று திறக்கும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற 5 ஆங்கில எழுத்துகளையும் ஒட்டி அடித்து, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்கோடு போட்டு, அதை ஒட்டி டி, எல், ஐ என்று அடித்து என்டர் தட்டுங்கள். சில நொடியில் ஒரு சிறு சாளரம் வரும். இரண்டாம் வரியில் ‘சேனல்’ என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘ஓஇஎம்_டிஎம்’ என்றிருந்தால் மதர்போர்டுச் சாவி வேலை செய்கிறது. ‘ரீடெய்ல்’ என்றால் தனியாக விற்கும் வகைச் சாவி. ‘வால்யூம்_கேஎம்எஸ்கிளையன்ட்’ என்று ஒரு வீட்டுக் கணினியில் வந்தால், அது அந்த வீட்டுக்கு உரியதல்ல.

கேஎம்எஸ் என்பது பெரிய அலுவலகங்களுக்கான ஏற்பாடு. அலுவலகத்துக்குள் ஒரு சர்வர் இருக்கும். குறைந்தது 25 விண்டோஸ் கணினிகளாவது அதைத் தொடர்பு கொண்ட பிறகுதான் அது அனுமதி கொடுக்கத் தொடங்கும். கொடுக்கும் அனுமதியும் 180 நாளுக்குத்தான். ஒவ்வொரு கணினியும் 7 நாளுக்கு ஒருமுறை அந்தச் சர்வரிடம் போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். இரணியலில் ஒரு வீட்டு மேசையில் இருக்கும் கணினி எந்தச் சர்வரிடம் போகும்? கிராக் மென்பொருள் கணினிக்குள்ளேயே ஒரு போலிச் சர்வரை வைக்கிறது. ஆன்டிவைரஸ் அதை நீக்கியதும் 180 நாள் கணக்கு ஓடி முடிகிறது, ‘உங்கள் விண்டோஸ் உரிமம் விரைவில் காலாவதியாகும்’ என்ற செய்தி வருகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடைக்குப் போக வேண்டியிருப்பதன் காரணம் இதுதான். அதே பெட்டியில் கடைசி 3 எழுத்துகளுக்குப் பதில் எக்ஸ், பி, ஆர் என்று அடித்தால் காலாவதித் தேதி வரும். ‘நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியுள்ளது’ என்று வராமல் ஒரு தேதி வந்தால் கேள்வி கேளுங்கள். அந்தத் தேதி 2038 ஜனவரி 19-ஐ ஒட்டி இருந்தால் அது கிராக்தான், சந்தேகமே வேண்டாம்.

முதலில் வந்த சாளரத்தில் சாவியின் கடைசி 5 எழுத்துகளும் தெரியும். அவை ‘டி83ஜிஎக்ஸ்’ என்றிருந்தால், அது கேஎம்எஸ் ஏற்பாட்டுக்காக மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கும் புரோ பதிப்புப் பொதுச் சாவி. அது தனியாக எந்த உரிமத்தையும் தருவதில்லை. அதைக் காசு வாங்கிக்கொண்டு யாராவது கொடுத்திருந்தால், காற்றை விற்றிருக்கிறார்கள். இணையத்தில் 300, 500 ரூபாய்க்கு வரும் சாவிகளும் பெரும்பாலும் ஏதோவொரு நிறுவனத்தின் கூட்டு உரிமத்திலிருந்து எடுத்தவை. முதல் நாள் வேலை செய்யும். பலருக்கு விற்ற பிறகு, மைக்ரோசாஃப்ட் அதைத் தடுத்துவிடும்.

கிராக் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதை ஓட்டும்போது முதலில் கேட்பதே ‘ஆன்டிவைரஸை நிறுத்து’ என்பதுதான். நிறுத்திவிட்டு, முழு அதிகாரத்தோடு, யார் எழுதியது என்றே தெரியாத ஒன்றை ஓட்டுகிறோம். ‘ஸ்டாப்’ என்ற பெயருள்ள ரான்சம்வேர் இப்படிக் கிராக்குகளோடு ஒட்டிக்கொண்டு பரவியது நன்கு அறியப்பட்ட செய்தி. கல்யாணப் புகைப்படம் முதல் பத்திர ஸ்கேன் வரை எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகை அது. கிராக் போட்ட கணினியில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, வைரஸ் பகுதியின் செட்டிங்ஸில் உள்ள ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலைப் பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஃபோல்டர் ஒன்று அங்கே இருந்தால், அந்த இடத்தைச் சோதிக்காதே என்று ஆன்டிவைரஸுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். நெட்பேங்கிங் செய்யும் கணினியில் இதை விட்டுவைக்கக் கூடாது.

சரி செய்யும் வழி. 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட காலி பென்டிரைவ் ஒன்று வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து ‘மீடியா கிரியேஷன் டூல்’ இறக்கி, அதை வைத்து இன்ஸ்டால் பென்டிரைவ் செய்யுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. புரோவிலிருந்து ஹோமுக்கு இறங்க நேர்வழி கிடையாது, புதிதாகத்தான் போட வேண்டும். ஆகவே முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். டி டிரைவில் இருப்பவை தப்பிக்கும் என்று எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் மூன்றும் சி டிரைவுக்குள் இருப்பதைத்தான் மறந்துவிடுவார்கள். பிள்ளைகளின் புராஜெக்ட் போவது இங்கேதான். டிரைவ் என்கிரிப்ட் ஆகி (பூட்டப்பட்டு) இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டே தொடங்குங்கள். பென்டிரைவிலிருந்து பூட் செய்ததும், மதர்போர்டில் ஹோம் சாவி இருந்தால் இன்ஸ்டாலர் எந்தப் பதிப்பு என்று கேட்காது, சாவியும் கேட்காது, தானே ஹோம் பதிப்பைப் போடும். கேட்டால், உள்ளே சாவி இல்லை என்று அறியலாம். முடிந்து இணையம் கிடைத்ததும் ஆக்டிவேஷனும் தானாக ஆகிவிடும். சாவிக்கென்று ஒரு பைசா செலவில்லை.

மதர்போர்டு மாறிய கணினிகளின் கதை வேறு. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. சித்திரை வைகாசிக் கோடைமழையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடிமின்னல் வலுத்தால் மதர்போர்டு போவது வழக்கம். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்து அரிக்கிறது. டிஜிட்டல் உரிமம் மதர்போர்டின் அடையாளத்தோடு கட்டப்பட்டது. போர்டு மாறினால் விண்டோஸுக்கு அது வேறு கணினி. பிழை எண் ‘எஃப்211’ என்று முடிந்தால் காரணம் இதுதான். தனியாக வாங்கிய ரீடெய்ல் உரிமமாக இருந்து, அதை முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால், செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘ட்ரபிள்ஷூட்’ அழுத்தி, ‘அண்மையில் ஹார்டுவேர் மாற்றினேன்’ என்பதைத் தேர்ந்து, அதே கணக்கில் நுழைந்து, பட்டியலில் பழைய கணினியின் பெயரைக் காட்டினால் மீட்டுக்கொள்ளலாம். கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் பழைய போர்டோடு போய்விடும். ஆனால் வாரன்டியில் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரே போர்டு மாற்றினால், புதிய போர்டில் சாவியைப் பதித்துத் தர அவர்களால் முடியும். கணினியைத் திரும்ப வாங்கும் முன், கவுண்டரிலேயே இன்டர்நெட் இணைத்து, ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் மறுபடியும் நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ அலைய வேண்டிவரும்.

கணக்கோடு இணைப்பதை மழைக்கு முன்பே செய்து வைப்பது நல்லது. செட்டிங்ஸில் ‘அக்கவுன்ட்ஸ்’ பகுதியில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்த பிறகு, ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘கணக்குடன் இணைந்த டிஜிட்டல் உரிமம்’ என்ற பொருளில் வரி வந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு யாருடையது என்றும் பாருங்கள். புதுக் கணினியைச் செட்டப் செய்யும்போது வாடிக்கையாளர் கையில் மின்னஞ்சல் இல்லையென்றால், கடையின் முகவரியிலேயே கணக்குத் திறந்து கொடுத்துவிடுவது நடக்கிறது. அப்போது உரிமமும் டிரைவின் மீட்பு எண்ணும் கடைக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். புதிய மடிக்கணினியோடு வரும் ஆபீஸ் தொகுப்புக்கும் இதே சிக்கல். விண்டோஸ் ஆக்டிவேட் ஆன நாளிலிருந்து 180 நாளுக்குள் அதை உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்துவிட்டால் பிறகு எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். கடைக் கணக்கில் சேர்ந்துவிட்டால், வேர்டைத் திறக்கக்கூட அவர்களைக் கேட்க வேண்டியிருக்கும்.

மின்னலுக்குப் பயந்து பிளக்கைப் பிடுங்கி வைக்கிறோம், அது சரியான பழக்கமே. ரவுட்டரிலிருந்து வரும் லேன் வயரையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும். ஆனால் மேசைக் கணினியில் பிளக் இல்லாத நேரமெல்லாம் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் உள்ள ‘சிஆர்2032’ என்ற 3 வோல்ட் காசு வடிவ பேட்டரி. பழைய கணினியில் அது தீர்ந்ததும் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். தேதி தவறினால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தாது. பிரவுசரும் முறையிடும், ஆக்டிவேஷன் சர்வரோடும் பேச முடியாது. உண்மையான உரிமத்துக்கும் எச்சரிக்கை வருவதற்கு இப்படி ஒரு சிறு காரணம் இருக்கக்கூடும். கணினியை அணைத்து, பிளக்கை எடுத்து, பக்கத் தகட்டைக் கழற்றி, பேட்டரியின் ஓரத்திலுள்ள சிறு கொக்கியை நகத்தால் தள்ளினால் அது எழும்பி வரும். கூட்டல் குறி மேலே இருக்கும்படி புதியதை வைத்து அழுத்தி, தேதியைச் சரிசெய்து, ஆக்டிவேஷன் பக்கத்தில் மீண்டும் ட்ரபிள்ஷூட் கொடுங்கள்.

இவை எதுவுமில்லாத போலி எச்சரிக்கையும் உண்டு. ‘உங்கள் விண்டோஸ் உரிமம் முடிந்தது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரை முழுக்க, சில நேரம் சத்தத்தோடு வரும். உண்மையான விண்டோஸ் எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது. எண் இருந்தால் அது மோசடி. ஆல்ட் விசையோடு எஃப்4 தட்டிப் பிரவுசரை மூடுங்கள், மூடாவிட்டால் கணினியையே அணையுங்கள். அழைத்தவர் சொன்னபடி ரிமோட் மென்பொருள் ஏதாவது போட்டுப் பணமும் போயிருந்தால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் வங்கியில் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

உரிமமே இல்லாத கணினிக்கு என்ன செய்வது? தொழிலுக்குப் பயன்படுத்துபவர்கள், குறிப்பாக டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்கள், வாங்கிவிடுவதே முறை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவதற்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. லாப நோக்கம் இல்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். வீட்டில் படிப்புக்கும் பிரவுசருக்கும் என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு போதும், ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ். இரண்டும் இலவசம், இரண்டிலும் தமிழ் தட்டச்சு உண்டு. களியக்காவிளை தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி கற்கிறார்கள். நம் அரசு கொடுத்த மாணவர் மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் இருந்தது. அதைத் திறந்து பார்க்காமலேயே அழித்துவிட்டோம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால் பலர் இப்போது 11-க்கு மாறுகிறார்கள். உரிமமுள்ள 10-லிருந்து 11-க்குப் போவது இலவசம். கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை முதல்தான் ஏற்கும். மாற்றமே இலவசம் என்பதால், இதற்கென்று தனியாகச் சாவி விற்றால் வாங்காதீர்கள்.

வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் கடை வைத்திருக்கும் தொழில் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஃபார்மட் செய்யும் முன் உள்ளே இருக்கும் பதிப்பு ஹோமா புரோவா என்று பார்த்து அதையே போடுங்கள், பென்டிரைவில் இரண்டும் இருக்கட்டும். பில்லில் ‘ஃபார்மட்’ என்று ஒற்றைச் சொல் எழுதாமல், எந்தப் பதிப்பு போடப்பட்டது, சாவி மதர்போர்டிலிருந்தா தனியாக விற்றதா, விற்றதென்றால் அதன் கடைசி 5 எழுத்துகள் என்ன என்று எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். பில் கொடுக்க மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடவடிக்கை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முறையிடலாம். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. அந்தப் பில்லைக் கைபேசியில் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். நம் ஊர் மழைக்காலத்து ஈரத்தில் தாள் பில்லின் எழுத்து இரண்டு ஆண்டில் மங்கிவிடுகிறது.

இப்படிக்கு,
கணினிப் பழுது பார்க்கும் தொழிலில் உள்ள வாசகர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.